வலியோடு மராத்தான் பயிற்சி: தொடர்வதா, நிறுத்துவதா, மாற்றிக்கொள்வதா?

நிதி திரட்டுவதற்காக மராத்தான் ஓடப் பெயர் கொடுத்தாயிற்று, தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று, நன்கொடையும் வரத் தொடங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் குதிகாலிலோ முழங்காலிலோ ஒரு வலி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஓடவே முடியாத அளவுக்குப் பெரிய வலியும் இல்லை, மறந்துவிட்டு ஓடுகிற அளவுக்குச் சின்ன வலியும் இல்லை. காலையில் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி இறங்க வேண்டியிருக்கிறது. பத்து நிமிடம் நடமாடினால் சரியாகிவிடுகிறது, மாலையில் ஓடினால் முதல் இரண்டு கிலோமீட்டர் முரண்டு பிடித்துவிட்டு அப்புறம் அடங்கிவிடுகிறது, மறுநாள் காலையில் பார்த்தால் மறுபடியும் அதே கதை.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் இரண்டே வழியைத்தான் யோசிக்கிறார்கள். ஒன்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவது, இல்லையென்றால் பெயரை வாபஸ் வாங்குவது. இரண்டுக்கும் நடுவில் இன்னும் சில வழிகள் இருக்கின்றன, பலருக்கும் பொருந்துவது அவற்றில் ஏதாவது ஒன்றுதான் என்பது என் உறுதியான கருத்து. நிதி திரட்டி ஓடுகிறவருக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் வாக்குக் கொடுத்துவிட்டோமே என்ற எண்ணமே அவரைத் தப்பான பக்கம் தள்ளிவிடும்.

எந்த வழி நல்லது என்று பார்ப்பதற்கு முன் எந்த வலி என்று பார்த்தாக வேண்டும்.

முதலில் பயப்பட வேண்டிய வலி. ஒரு விரல் நுனியால் "இங்கேதான்" என்று தொட்டுக் காட்ட முடிகிறது, ஓட ஓட அடங்காமல் ஏறிக்கொண்டே போகிறது, ஒற்றைக் காலில் குதித்தால் சுரீர் என்கிறது, இரவில் சும்மா படுத்திருக்கும்போதும் குடைகிறது என்றால் அது எலும்பில் விழுந்திருக்கும் அழுத்தக் கீறலாக இருக்கலாம். அதிலும் தொடை இடுக்கில் ஆழமாக வலித்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் வரும் கீறல் முழு முறிவாக மாறினால் அறுவை சிகிச்சை வரை போய்விடும். கணைக்கால் எலும்பின் முன்பக்கம், பாதத்தின் நடு மேற்பகுதி ஆகிய இடங்களும் இதே மாதிரி எளிதில் ஆறாத இடங்கள். ஆரம்ப வாரங்களில் இந்தக் கீறல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம், எம்.ஆர்.ஐ.யில்தான் பிடிபடும். அதனால் எக்ஸ்ரே சுத்தமாக வந்துவிட்டது என்று ஓடப் போய்விடாதீர்கள். இந்த வகை வலி என்றால் கீழே இருக்கும் ஒப்பீடே உங்களுக்குத் தேவையில்லை, ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். மூட்டு வீங்குவது, பூட்டிக்கொள்வது, கால் மரத்துப்போவது, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது, இவையும் அப்படித்தான்.

இரண்டாவது தசைநாண் வலி, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாரில் வரும் வலி. குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் அக்கிலிஸ் தசைநாண் இதற்கு நல்ல உதாரணம். காலையில் விறைத்துக் கிடக்கும், சூடானதும் இளகும், அன்றைக்கு அதிகமாக ஓடிவிட்டால் அதற்கான பதிலை மறுநாள் காலையில் சொல்லும். படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குத்துகிற பாதத்தின் அடி வலியும் கிட்டத்தட்ட இதே குணம்தான். மூன்றாவது முழங்கால் வலி. சில்லைச் சுற்றி வலித்தால் படி இறங்கும்போதும் வெகுநேரம் உட்கார்ந்து எழும்போதும் தெரியும். முழங்காலின் வெளிப்பக்கம் வலிப்பதாக இருந்தால் குறிப்பிட்ட ஒரு தூரம் வரை ஒன்றுமே இருக்காது, ஐந்தாவது கிலோமீட்டரோ எட்டாவதோ, அங்கே போனதும் டாண் என்று வந்து நிற்கும். தசைநாண், முழங்கால் என்ற இந்த இரண்டு வகைக்காரர்களுக்குத்தான் மீதிக் கட்டுரை. எது என்று சந்தேகம் இருந்தால் விளையாட்டுக் காயங்கள் பார்த்துப் பழகிய பிசியோ ஒருவரிடம் ஒரே ஒரு முறை காட்டிவிடுங்கள், மாதக்கணக்கில் குழம்புவது மிச்சமாகும்.

சரி, முதல் வழி: திட்டத்தில் இருக்கிறபடியே ஓடுவது. இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம், "ஓடும் தூரத்தை வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றவில்லையே, பிறகென்ன?" என்பது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் 500-க்கும் மேற்பட்ட புதிய ஓட்டக்காரர்களை வைத்து நடந்த ஆய்வு 2008-இல் வெளியானது. பத்து சதவீத விதிப்படி மெதுவாக ஏற்றியவர்களுக்கும் வழக்கமான வேகத்தில் ஏற்றியவர்களுக்கும் காயம் வந்த விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான், இருபது சதவீதத்தை ஒட்டி. அந்த விதி கெட்டது என்று நான் சொல்லவில்லை, அதைக் கடைப்பிடித்தது மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது என்கிறேன். ஏற்கெனவே வலிக்கிற காலுக்கு அட்டவணையில் எழுதியிருக்கும் எண் தெரியாது. ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து திரும்பி வருகிறது, 42.195 கிலோமீட்டரில் அப்படிப் பல்லாயிரம் அடிகள். வலிக்கும் காலைக் காப்பாற்ற உடம்பு தன்னையறியாமல் சாய்ந்து ஓடும்போது அந்தச் சுமை இன்னொரு காலுக்கோ இடுப்புக்கோ போகிறது.

இந்த வழியில் போகிறவர்கள் சீக்கிரமே வலி மாத்திரைக்கு வந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை. ஐபுப்ரூஃபன் போன்றவை வலியைத்தான் மறைக்கும், காரணத்தைத் தொடாது. நீண்ட ஓட்டத்தில் உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். அந்த நேரத்தில் இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுவது சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் வீண் வம்பு. அக்கிலிஸ் தசைநாணில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு ஓடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம், அது தசைநாணையே பலவீனமாக்கி அறுந்துபோகும் ஆபத்தைக் கூட்டும். வலி பத்துக்கு ஒன்று இரண்டு என்ற அளவில், பல வாரங்களாக ஏறாமல், மறுநாள் காலையிலும் மிச்சமில்லாமல் இருக்கிறவர்களுக்கு மட்டும் இந்த முதல் வழி சரிவரும்.

இரண்டாவது வழி முழு ஓய்வு. இதைக் கேட்டதும் பலருக்கும் வரும் முதல் பயம், இத்தனை நாள் சேர்த்த தெம்பெல்லாம் போய்விடுமே என்பது. அந்தப் பயம் அளவுக்கு மீறியது. நன்றாகப் பயிற்சி பெற்றவர்களைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லி அளந்து பார்த்த ஒரு ஆய்வு 1984-இல் வந்தது. உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் முதல் மூன்று வாரத்தில் சுமார் 7 சதவீதம் இறங்கியது, எட்டு வாரத்தில் சுமார் 16 சதவீதம். அப்படியென்றால் நாலைந்து நாள் ஓய்வில் பயப்படும்படி எதுவும் போவதில்லை, இரண்டு மாதம் சும்மா இருந்தால்தான் கணிசமாகப் போகிறது.

முழு ஓய்வில் உண்மையான சிக்கல் வேறு. தசைநாண் ஓய்வெடுத்தால் வலி குறையும், ஆனால் சுமை தாங்கும் சக்தி கூடாது, சொல்லப்போனால் இன்னும் குறையும். மூன்று வாரம் படுத்துவிட்டு எழுந்து பார்த்தால் வலி இல்லை, சந்தோஷம். அட்டவணையைத் திறந்தால் இந்த வாரம் 24 கிலோமீட்டர் என்று இருக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் நாள்காட்டி எங்கே நிற்கிறதோ அங்கே போய் ஏறிக்கொள்கிறார்கள், பத்தே நாளில் வலி திரும்பி வந்துவிடுகிறது. ஓய்வு, ஓட்டம், வலி, மறுபடி ஓய்வு என்று இந்தச் சுற்றில் பயிற்சிக்காலம் முழுவதையும் தொலைத்தவர்கள் ஏராளம். வலி திடீரென்று கிளம்பி நொண்ட வைக்கிற முதல் சில நாட்களுக்கு ஓய்வு சரி, எலும்புக் காயத்துக்கு அதுதான் மருந்து, மற்றபடி இதை ஒரு திட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது வழிக்கு வருவோம், நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான்: ஓட்டத்தைக் குறைத்து, மாற்றுப் பயிற்சியையும் வலிமைப் பயிற்சியையும் சேர்ப்பது.

வலியோடு ஓடலாமா என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்து மிகவும் உபயோகமான பதில் ஸ்வீடனில் நடந்து 2007-இல் வெளியான ஒரு ஆய்விலிருந்து வருகிறது. அக்கிலிஸ் தசைநாண் வலி உள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். இரு குழுவுக்கும் ஒரே வலிமைப் பயிற்சிகள். ஒரு குழு முதல் ஆறு வாரம் ஓட்டத்தையும் குதிப்பதையும் விட்டுவிட வேண்டும், இன்னொரு குழு சில நிபந்தனைகளோடு தொடரலாம். கடைசியில் இரண்டு குழுவுமே நன்றாகத் தேறின, தொடர்ந்து ஓடியவர்களுக்கு அதனால் கெடுதல் எதுவும் தெரியவில்லை. அந்த நிபந்தனைகள்தான் இங்கே முக்கியம். பத்துக்கு எத்தனை என்று வலிக்கு மதிப்பெண் கொடுங்கள். ஓடும்போது ஐந்தைத் தாண்டக் கூடாது. ஓடி முடித்த பிறகு ஐந்து வரை போகலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் இறங்கியிருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் வலியும் விறைப்பும் கூடிக்கொண்டே போகக் கூடாது. நான் ஐந்தை மூன்றாகக் குறைத்துக்கொள்ளச் சொல்வேன், ஏனென்றால் ஓட வேண்டும் என்ற ஆசையில் இருக்கிறவர் தன் வலிக்குக் கொடுக்கும் மதிப்பெண் எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். இன்னொன்று, ஓடும்போது எவ்வளவு வலித்தது என்பதைவிட மறுநாள் காலை எப்படி இருந்தது என்பதை நம்புங்கள், அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

வலிமைப் பயிற்சி என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம், ஒரு படி போதும். படியின் விளிம்பில் முன்பாதம் மட்டும் படும்படி நின்று, இரண்டு காலாலும் எம்பி, நல்ல காலைத் தூக்கிவிட்டு, வலிக்கிற காலின் குதியை மட்டும் படி மட்டத்துக்குக் கீழே மெல்ல, மூன்று எண்ணும் நேரத்துக்கு இறக்க வேண்டும். பாதி இறங்கியதுமே கெண்டைக்கால் நடுங்கும், சட்டென்று விழுந்துவிடலாம் என்று தோன்றும், அந்த நடுக்கத்தோடு கடைசி வரை கட்டுப்பாடாக இறக்குவதில்தான் வேலையே இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர் ஹோகன் ஆல்ஃபிரட்சன் 1998-இல் வெளியிட்ட முறையில் முழங்காலை நீட்டி மூன்று முறை 15, மடக்கி மூன்று முறை 15, இப்படிக் காலையும் மாலையும், ஆக நாளைக்கு 180, பன்னிரண்டு வாரம். இத்தனை எண்ணிக்கை எல்லோருக்கும் முடியாது. கனமான எடையோடு மெதுவாக, வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் செய்கிற முறையிலும் அதே அளவு பலன் கிடைப்பதாகப் பிறகு வந்த ஆய்வு காட்டியது, வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுவே தோது. எந்த முறையானாலும் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்கி ஒன்றும் ஆகப்போவதில்லை. முழங்கால்காரர்கள் தொடைக்கும் இடுப்புப் பக்கவாட்டுத் தசைகளுக்கும் வேலை கொடுக்க வேண்டும். அடியைக் கொஞ்சம் சின்னதாக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை ஐந்திலிருந்து பத்து சதவீதம் கூட்டினால் முழங்காலில் விழும் சுமை குறைகிறது என்பதும் அளந்து பார்க்கப்பட்ட விஷயம்.

மாற்றுப் பயிற்சியில் ஓட்டத்துக்கு மிக நெருக்கமானது ஆழமான தண்ணீரில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு, கால் தரையில் படாமல் ஓடுவது. பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் ஆறு வாரம் இதை மட்டுமே செய்தும் ஆக்சிஜன் திறன் இறங்காமல் நின்றதை 1990-களில் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். தண்ணீருக்குள் இதயத் துடிப்பு நிலத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், அதனால் துடிப்பு எண்ணைப் பார்க்காமல் மூச்சு வாங்குவதைப் பார்த்து உழைப்பை முடிவு செய்யுங்கள். இதில் அலுப்பு அதிகம், உண்மைதான். நீச்சல் குளம் கிட்டாதவர்களுக்கு சைக்கிள், ஆனால் சில்லு வலி இருந்தால் சீட்டைத் தாழ வைக்காதீர்கள்.

வாரத்தை இப்படிப் பிரிக்கலாம்: மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் மாற்றுப் பயிற்சி, இரண்டு மூன்று முறை வலிமைப் பயிற்சி, ஒரு நாளாவது முழு விடுப்பு. குறைக்க வேண்டிய இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். லாங் ரன்னை, அதாவது வாரத்தின் மிக நீண்ட ஓட்டத்தை, தூக்கிவிட்டு வேகப் பயிற்சியை வைத்துக்கொள்கிறார்கள். அக்கிலிஸ் வலிக்கு வேகமும் ஏற்றமும்தான் எதிரி, சில்லு வலிக்கு இறக்கம். அவற்றை முதலில் விடுங்கள். லாங் ரன்னை மெதுவாக, மூன்று மணி நேரத்துக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்ளுங்கள். நன்கொடைக்காக ஓடுகிறவருக்கு நேரக் குறி அவசியமில்லை என்பதால் இந்த விட்டுக்கொடுத்தல் அவருக்கு எளிது.

நான்காவது வழி ஓட்டமும் நடையும் கலப்பது. மூன்றாவதோடு அழகாகச் சேரும். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே இதைப் பரப்பியவர். களைத்த பிறகு நடப்பது வேறு, இது வேறு. இதில் முதல் கிலோமீட்டரிலிருந்தே, கால் புத்தம்புதிதாக இருக்கும்போதே நடக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 7 நிமிடத்தில் ஓடுகிறவர் நிற்காமல் அதே பேஸில் ஓடினால் 4 மணி 55 நிமிடத்தில் முடிப்பார். அவரே 4 நிமிடம் ஓடி, 1 நிமிடம் கிலோமீட்டருக்கு 10 நிமிட வேகத்தில் விறுவிறுவென்று நடந்தால் 5 மணி 14 நிமிடம். வித்தியாசம் 19 நிமிடம்தான், அதுவும் முதலாமவர் கடைசி பத்து கிலோமீட்டரில் தளரவே மாட்டார் என்று வைத்துக்கொண்டால். தொடக்கத்தில் எல்லோரும் தாண்டிப் போகும்போது ஓரமாக ஒதுங்கி, பின்னால் வருகிறவருக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நடப்பதற்கு மனம் சம்மதிக்காது, அதற்கும் பயிற்சி ஓட்டங்களிலேயே பழகிக்கொள்ள வேண்டும். போட்டியின் நேர வரம்பை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள், சில இடங்களில் ஆறு மணி நேரத்தில் பாதையைப் போக்குவரத்துக்குத் திறந்துவிடுவார்கள்.

ஐந்தாவது, அரை மராத்தானுக்கு மாறுவது அல்லது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பது. இங்கே கால் தடையாக இருப்பதைவிட மனசுதான் பெரிய தடை. "பணம் வாங்கிவிட்டேனே" என்ற உறுத்தலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, அது நல்ல மனிதர்களுக்கு வருகிற உறுத்தல். ஆனால் பணம் கொடுத்தவர்கள் நோயாளிக்கோ, பள்ளிக்கோ, வேறு எந்த நோக்கத்துக்கோ கொடுத்தார்கள், உங்கள் 42 கிலோமீட்டரை விலைக்கு வாங்கவில்லை. டெர்ரி ஃபாக்ஸை நினைத்துப் பாருங்கள். புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டச் செயற்கைக் காலோடு 1980 ஏப்ரலில் கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து நாட்டைக் கடக்க ஓடத் தொடங்கினார், கிட்டத்தட்ட நாளுக்கு ஒரு மராத்தான் தூரம். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடிய நிலையில், புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டதால் செப்டம்பர் 1-ஆம் தேதி நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் மறு கரையைத் தொடவே இல்லை. அவர் நின்ற பிறகும் பணம் வந்துகொண்டே இருந்தது, சில மாதங்களில் கனடாவில் ஆளுக்கு ஒரு டாலர் என்ற அவருடைய இலக்கை எட்டியது, இன்றைக்கும் அவர் பெயரில் ஆண்டுதோறும் ஓடித் திரட்டுகிறார்கள்.

நடைமுறையில் பார்க்க வேண்டியவை சில. உங்கள் இடம் நீங்களே கட்டணம் கட்டி வாங்கியதா, தொண்டு நிறுவனம் தன் ஒதுக்கீட்டிலிருந்து கொடுத்ததா? இரண்டாவது என்றால் தள்ளிவைக்கும் முடிவு பெரும்பாலும் அவர்கள் கையில்தான். தள்ளிவைக்கக் கடைசித் தேதி என்ன, இந்த ஆண்டு திரட்டியது அடுத்த ஆண்டுக் கணக்கில் சேருமா, குறைந்தபட்சத் தொகையை மறுபடி முதலிலிருந்து திரட்ட வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிப்பை, அதாவது நெஞ்சில் குத்திக்கொள்ளும் போட்டி எண்ணை, நண்பருக்குச் சும்மா கொடுத்துவிடாதீர்கள். அவர் வழியில் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு கையில் இருப்பது உங்கள் பெயரும் உங்கள் விவரமும்தான்.

எனக்குத் தெரிந்த அளவில் முடிவை நிர்ணயிப்பது வலியின் வகையும் மிச்சமிருக்கும் வாரங்களும். பன்னிரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது வழி, தேவைப்பட்டால் நான்காவதையும் சேர்த்து. எட்டு வாரம் என்றால் முதல் நாளிலிருந்தே ஓட்டம்-நடை என்று முடிவெடுத்துப் பயிற்சியை அதற்கேற்ப மாற்றிவிடுங்கள். நாலைந்து வாரம்தான் இருக்கிறது, இன்னும் 20 கிலோமீட்டரைத் தொடவில்லை, வலியும் அடங்கவில்லை என்றால் அரை மராத்தானோ அடுத்த ஆண்டோதான். அந்தக் கட்டத்தில் விட்டதைப் பிடிக்க இரண்டு வாரத்தில் இரண்டு பெரிய ஓட்டம் ஓடுவதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு.

கடைசி லாங் ரன்னைப் போட்டிக்கு மூன்று வாரத்துக்கு முன்னால் வையுங்கள், அதற்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாம் நாளும் வலி பத்துக்கு மூன்றைத் தாண்டி நின்றால் அன்றைக்கே தொண்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள், விதி இடம் கொடுத்தால் காத்திருப்பவர் யாருக்காவது அந்த இடத்தை மாற்றிக்கொடுக்க அவர்களுக்கு அவகாசம் கிடைக்கும். நன்கொடை கொடுத்தவர்களுக்கும் மூன்று வரி போதும்: காயம் என்ன, இந்த ஆண்டு என்ன செய்யப்போகிறேன், நீங்கள் கொடுத்த பணம் ஏற்கெனவே போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.